குடலின் நோயும் மூளையின் உருவும்

அச்சம் வந்தவிடத்து வயிறு கலங்குகின்றது என்பதும், பிறர் வாழ்வு கண்டு பொறாமை கொள்வதை வயிற்றெரிச்சல் என்பதும், நெடுநாட் கவலை நீங்கியபோது வயிற்றிற் பால் வார்த்ததுபோல் இருந்தது என்பதும் தமிழ் மக்கள் நாவில் நாடோறும் வழங்கும் மொழிகள். உள்ளத்தின் நிலையை உரைக்கப் புகும்போதெல்லாம் வயிற்றைத் துணைக்கழைக்கும் இவ்வழக்குகளை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுவோர் உளர். ஆயினும், உடற்றொழிலை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கடந்த இருநூறு ஆண்டுகளிற் கண்டவற்றை நோக்குமிடத்து, இம்மொழிகளை ஆக்கிய பெயரறியா மக்கள் உண்மைக்கு மிக அண்மையில் நின்றனர் என்பது புலனாகும்.

வயிற்றுவலியால் ஆண்டுக்கணக்காக வருந்தும் ஒருவர் வைத்தியரிடம் செல்கின்றார். இரத்தம் சோதிக்கப்படுகின்றது, குடலினுட் குழாய் செலுத்திப் பார்க்கப்படுகின்றது. புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை. “உமக்கு ஒரு நோயும் இல்லை, எல்லாம் மனப்பிரமை” என்ற விடையுடன் அவர் வீடு திரும்புகின்றார். வலியும் அவருடனேயே திரும்புகின்றது. நாளடைவில் வீட்டாரும் அவ்விடையை நம்பத் தலைப்படுகின்றனர். பரீட்சைக் காலத்திலும் பாடசாலை தொடங்கும் நாளிலும் வயிற்றுவலி என்று அழும் பிள்ளைக்கும் பெரும்பாலும் இதுவே கதி. ஆனால், குடலிற் குறை காணப்படாவிடின் நோயே இல்லையென்று முடிவு செய்வது தகுமா? குடலில் எழும் உணர்ச்சியை ஏற்று, அதற்கு வலி என்று பெயரிடும் உறுப்பாகிய மூளையையும் பார்த்த பின்னரன்றோ அம்முடிவு கூறத்தக்கது? இக்கேள்வியே அண்மைக்கால ஆராய்ச்சிகளுக்கு வித்தாயிற்று.

குடலுக்கும் உள்ளத்துக்குமுள்ள தொடர்பைக் கண்ணாற் கண்டோருள் முதல்வராக வைத்தெண்ணத் தக்கவர் வில்லியம் போமொன்ற் என்னும் அமெரிக்கப் படை வைத்தியர். 1822ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் நாள், மக்கினாக் தீவிலிருந்த உரோம வணிகச் சாவடியில், அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் கனடிய இளைஞனின் விலாப்புறத்தில் தற்செயலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தது. அவன் பிழைத்தான், ஆனால் இரைப்பையிற் பட்ட துளை மூடவில்லை. வெளியிலிருந்தே இரைப்பையின் உட்புறத்தை நோக்கக்கூடிய பலகணி ஒன்று வைத்தியருக்குக் கிடைத்தது. நூலிற் கட்டிய இறைச்சித் துண்டுகளை அத்துளை வழியே இறக்கி, எவ்வுணவு எவ்வளவு நேரத்திற் சமிபாடு அடைகின்றது என்று அவர் ஆண்டுக்கணக்கிற் குறித்து வந்தார். அக்குறிப்புகள் 1833இல் நூலாக வெளிவந்தன. இளைஞன் சினங்கொண்ட வேளைகளில் இரைப்பையின் நிறமும் நீரும் மாறுபட்டன என்பதும் அவர் கண்டவற்றுள் ஒன்று. தன் வயிற்றைப் பிறர் உற்றுநோக்குவதைச் சகித்துக்கொண்டு வாழவேண்டியிருந்த அவ்விளைஞனுக்குச் சினம் வந்ததில் வியப்பில்லை. அவன் வைத்தியர் இறந்த பின்னரும் இருபத்தேழு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தான்.

அந்நூற்றாண்டின் இறுதியில் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதும், ஆவட் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் கனன் என்பார் பூனைகளுக்குப் பிசுமது கலந்த உணவை ஊட்டி இரைப்பையின் அசைவைத் திரையிற் பார்த்தார். அமைதியாயிருந்த பூனையின் இரைப்பையில் அலைகள் ஒழுங்காக எழுந்தன. பூனை வெகுண்டபோது அவை சட்டென நின்றன. தடவி ஆற்றியதும் மீண்டும் தோன்றின. மனநிலையின் மாற்றம் சில கணங்களுள்ளே வயிற்றை எட்டிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவையெல்லாம் மூளை குடலை ஆள்வதைக் காட்டுவன. செய்தி மறுதிசையிலும் செல்கின்றது என்பதே பின்னர் அறியப்பட்ட புதுமை. உணவுக் குழாயின் சுவரில் இரண்டு நரம்பு வலைகள் பரந்து கிடக்கின்றன. அவற்றை விவரித்த ஜேர்மானியராகிய மைசுனர், அவுர்பாக்கு என்போரின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படும். அவ்வலைகளில் பத்துக் கோடிக்கும் குறையாத நரம்புக் கலங்கள் உள எனக் கணிக்கப்பட்டுள்ளது. 1899இல் இலண்டன் நகரத்துப் பெயிலிசும் சுற்றாலிங்கும், வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னும் குடல் தன் உள்ளடக்கத்தை முறையாகக் கீழ்நோக்கித் தள்ளுவதைக் காட்டினர். குடல் தன் அன்றாடக் கருமங்களைத் தானே நடத்தும் ஒரு கிராமச் சபைபோல் விளங்குகின்றது எனலாம்.

ஆயினும் அச்சபை தலைநகருக்கு ஓயாது அறிக்கை அனுப்புகின்றது. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு நெஞ்சு வழியே வயிறு வரை அலைந்து செல்லும் வேகசு நரம்பின் இழைகளைப் பூனையில் எண்ணிப் பார்த்தோர், ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது இழைகள் மேல்நோக்கியே செய்தி கொண்டுசெல்வன என்று 1937இல் அறிவித்தனர். கட்டளை கொண்டு இறங்குவன எஞ்சிய சிறுபகுதியே. இரைப்பை நிறைந்தது, குடல் விரிந்தது, நீர் புளித்தது எனக் கணந்தோறும் மூளைக்கு வரும் செய்திகளிற் பெரும்பாலானவற்றை மனிதன் உணர்வதேயில்லை. உணராதிருப்பதே நலம், ஒவ்வோர் அசைவையும் உணர நேரின் ஒருவனால் வேறெந்த வேலையும் செய்ய இயலாது.

அங்ஙனம் உணர நேர்ந்தவர்களின் நிலையே எரிச்சற்குடல் நோய் எனக் கூறத்தக்கது. வைத்தியர்கள் இதனை ஐ. பி. எஸ். என்னும் மூன்றெழுத்தாற் குறிப்பர். 2016இல் வகுக்கப்பட்ட உரோம நியமங்களின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாகக் கிழமைக்கு ஒருநாளேனும் வயிற்றுவலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலுடன் தொடர்புற்றிருத்தல், மலங்கழியும் தடவைகள் மாறுபடுதல், மலத்தின் தன்மை மாறுபடுதல் என்னும் மூன்றனுள் இரண்டேனும் பொருந்தவும் வேண்டும். நோய் தொடங்கி ஆறு மாதங்களாவது கடந்திருத்தலும் வேண்டும். இந்நியமங்களைக் கொண்டு 33 நாடுகளில் நிகழ்த்திய பேராய்வொன்று 2021இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் உண்டென்பது அதிலிருந்து தெரியவருகின்றது. உயிருக்கு இறுதி விளைக்கும் நோயன்று இது. ஆனால் வேலையையும் பயணத்தையும் விருந்தையும் குடும்ப வாழ்வையும் மெல்ல மெல்லக் கெடுத்துவிடும் நோய்.

1973இல் இங்கிலாந்தில் இரிச்சி என்னும் ஆராய்ச்சியாளர் செய்த பரிசோதனை இந்நோயின் தன்மையை நன்கு விளக்குவது. பெருங்குடலின் கடைப்பகுதியிற் சிறு பலூனை வைத்து 60 மில்லிலீற்றர் அளவுக்கு ஊதியபோது, நோயற்றோருள் நூற்றுக்கு அறுவரே வலியென்றனர். நோயாளருள் நூற்றுக்கு ஐம்பத்தைவர் வலியென்றனர். பலூன் ஒன்றே, அளவும் ஒன்றே. உணர்ச்சி மட்டும் வேறு. ஒலிபெருக்கியின் திருகாணியை யாரோ மேலே திருப்பிவிட்டாற் போன்றது இந்நிலை. திருகாணி திரும்பியது குடலிலா, முண்ணாணிலா, மூளையிலா என்பதே வினா.

மூளையை உயிருடன் ஆராயும் வழி பிறந்த பின்னரே இவ்வினாவுக்கு விடை தேட முடிந்தது. எம். ஆர். ஐ. எனப்படும் காந்தப் படக்கருவி, வலிய காந்தத்தையும் வானொலிக்கு உதவும் இனத்து அலைகளையுங் கொண்டே உடலின் உட்புறத்தைப் படமாக்குவது. அப்படத்திலிருந்து மூளையின் மேற்பட்டை எவ்விடத்தில் எத்துணைத் தடிப்புடையது எனக் கணிக்கலாம். நரம்புக் கலங்கள் செறிந்த இந்நரைநிறப் படை, சராசரி இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. மடிந்து மடிந்து மண்டையோட்டினுள் அடங்கிக் கிடப்பது.

கனடாவின் தொரன்ரோ நகரத்து ஆராய்ச்சியாளர் 2008இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், எரிச்சற்குடல் நோயுடைய சிறு தொகையினரின் மூளையில் இரண்டு இடங்களில் மேற்பட்டை மெலிந்திருந்தமை கூறப்பட்டது. அவற்றுள் ஒன்று இன்சுலா. இலத்தீன் மொழியில் தீவு என்பது இதன் பொருள். மூளையின் பக்க மடிப்பினுள் தீவு போல் மறைந்திருக்கும் இப்பகுதியே பசி, மூச்சு, இதயத்துடிப்பு, குடலின் விரிவு முதலிய உள்ளுறுப்பு உணர்ச்சிகள் வந்து சேரும் துறை. மற்றையது, மூளையின் நடுவே மேகலைபோல் வளைந்து கிடக்கும் சிங்குலேற்றுப் பகுதி. இது வலி எத்துணைத் துன்பந் தருவது என்பதை மதிப்பிடுவதிலும், கவனத்தை அதன்பாற் செலுத்துவதிலும் பங்குகொள்வது. கண்ட மாற்றம் மூளையின் ஏதோவொரு மூலையிலன்றி, குடலின் செய்தி வந்து சேரும் வழியிலேயே அமைந்தமை நோக்கத்தக்கது.

சிறு தொகையினரைக் கொண்டு பெருமுடிவு கூறலாகாது என்பது ஆராய்ச்சி மரபு. 2010இல் 55 பெண் நோயாளரையும் நோயற்ற 48 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று வெளிவந்தது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் சில பகுதிகளிலும், புலனுணர்ச்சிகளைக் கைமாற்றும் நிலையமாகிய தலமசிலும் நரைநிறப் பொருள் குறைந்திருந்தது. வேறு சில இடங்களில் அது மிகுந்தும் இருந்தது. நோயாளருட் பலருக்குக் கவலையும் மனச்சோர்வும் உண்டாதலால், அவற்றின் பங்கைக் கணித்து நீக்கிப் பார்த்தபோது, வேற்றுமைகளுட் சில மறைந்தன. முன்மூளையிற் கண்ட குறைவு போன்ற சில எஞ்சின. எனவே, கண்டனவெல்லாம் கவலையின் நிழல் என்பதும் பொருந்தாது. கவலைக்கு இதிற் பங்கே இல்லை என்பதும் பொருந்தாது.

2014இல் வெளியான மற்றுமோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. 82 பெண் நோயாளரும் 119 நோயற்ற பெண்களும் இதிற் பங்குகொண்டனர். நோயாளரிடத்து இன்சுலா முதலிய பல பகுதிகள் அளவிற் குறைந்திருக்க, உடலின் தொட்டுணர்வைப் பதியும் மேற்பட்டையின் ஓரிடம் மட்டும் பருத்திருந்தது. பங்குகொண்டோர் இளமையில் அடைந்த இன்னல்களையும் ஆராய்ச்சியாளர் வினவிக் குறித்திருந்தனர். அவற்றையுங் கணக்கிற் சேர்த்தபோது, முற்கூறிய குறைவுகளிற் பெரும்பாலானவை நோயுடையார்க்கே உரிய வேற்றுமைகளாக நிற்கவில்லை. தொட்டுணர்வுப் பகுதியின் பருமன் நின்றது. சிறுவயதில் அடிபட்டும் அஞ்சியும் வளர்ந்தமை, பல்லாண்டு கழித்து எடுத்த மூளைப் படத்திலும் தன் சுவட்டைக் காட்டுகின்றது போலும். பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்புடையோர் இவ்வோர் ஆய்வையேனும் அறிந்திருத்தல் நன்று.

எரிச்சற்குடல் நோயிற் குடலிற் புண் காணப்படுவதில்லை. குரோன் நோயிலோ குடற்சுவர் வெளிப்படையாக அழன்று புண்ணாகும். இவ்விரண்டும் வேறுவேறு நோய்கள். ஆயினும் 2013இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர், குரோன் நோய் தணிந்திருந்த 18 பேரின் மூளையை நோயற்ற 18 பேரின் மூளையுடன் ஒப்பிட்டு, முன்மூளையிலும் சிங்குலேற்றுப் பகுதியிலும் நரைநிறப் பொருள் குறைந்திருக்கக் கண்டனர். நோய் நீடித்த ஆண்டுகள் மிகுமளவுக்குச் சில இடங்களிற் குறைவும் மிகுந்திருந்தது. நெடுங்காலக் கணைய அழற்சியுடையாரிடத்தும் வலியைப் பதியும் பகுதிகள் மெலிந்திருந்தமை தென்மார்க்கில் அறியப்பட்டது. காரணம் எதுவாயினும், வயிற்றிலிருந்து ஓயாது வரும் துன்பச் செய்தி மூளையின் உருவோடு தொடர்புற்றிருக்கின்றது என்பதற்கு இவை சான்றாவன.

இவ்விடத்து ஓர் அச்சத்தை அகற்றுதல் வேண்டும். மூளை மெலிந்தது என்ற சொல்லைக் கேட்டதும், அறிவு குன்றும், சித்தம் தடுமாறும் என்று நோயாளர் நடுங்குவர்; அந்நடுக்கமே அவர்தம் வயிற்றை மீண்டுங் கலக்கும். ஆனால் மேலே கூறிய வேற்றுமைகள் மிக நுண்ணியன. பலரின் படங்களைச் சேர்த்துச் சராசரி கண்டாலன்றி அவை வெளிப்படா. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து இவருக்குக் குடல்நோய் உண்டு, இவருக்கு இல்லை என்று எந்த நிபுணராலுங் கூற இயலாது. அன்றியும், நரைநிறப் பொருள் குறைதல் என்பது நரம்புக் கலங்கள் மடிந்தமையை மட்டுங் குறிப்பதன்று. கலங்களின் கிளைகளும், அவற்றிடையேயுள்ள துணைக் கலங்களும், குருதிக் குழாய்களுங்கூட அவ்வளவை மாற்றவல்லன.

மூளையின் உரு கல்லிற் செதுக்கியதன்று. 2004இல் ஜேர்மனியில் சிலருக்கு மூன்று பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதங்கள் பயிற்றினர். அசைவைக் கண்டறியும் மேற்பட்டைப் பகுதி அவர்களிடம் பருத்தது. பயிற்சியை விட்டதும் மீண்டுஞ் சுருங்கியது. வலியைப் பற்றிய சான்றோ இதனினும் ஆறுதல் தருவது. இடுப்பு மூட்டுத் தேய்வால் நெடுங்காலம் வலியுற்றிருந்தோரின் மூளையில், சிங்குலேற்று முதலிய இடங்களில் நரைநிறப் பொருள் குறைந்திருந்தது. புது மூட்டுப் பொருத்தி வலி தீர்ந்தவர்களுட் சிலரை மீண்டும் படம்பிடித்தபோது, குறைந்தது பெருகியிருந்தது. 2009இல் வெளியான இவ்வாய்வு இடுப்பு மூட்டைப் பற்றியதாயினும், நெடுங்கால வலியோடு வரும் குறைவு மீளக்கூடும் என்பதைக் காட்டுவது.

இனி, முந்தியது எது? மூளை மாறியதாற் குடல் நொந்ததா, குடல் நொந்ததால் மூளை மாறியதா? ஒருமுறை எடுத்த படம் இதற்கு விடை கூறமாட்டாது; மக்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்குதல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அங்ஙனம் நோக்கிய ஆய்வொன்று 2012இல் வெளியாயிற்று. தொடக்கத்திற் குடல்நோய் இல்லாது கவலை மிகுந்திருந்தோர்க்குப் பின்னர்க் குடல்நோய் வருதல் அதிகமாயிருந்தது. தொடக்கத்தில் மனக்கலக்கமின்றிக் குடல்நோய் மட்டும் உடையார்க்குப் பின்னர்க் கவலையும் சோர்வும் மிகுந்தன. பாதை இருவழிப் பாதை. அதே குழுவினர் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இரண்டும் வந்தவர்களுள் மூன்றிலொரு பங்கினர்க்கு மனக்கலக்கமும் மூன்றில் இருபங்கினர்க்குக் குடல்நோயும் முந்தின எனக் கூறுகின்றது. எல்லாம் மனப்பிரமை என்போர் இக்கணக்கை நோக்குவாராக.

குடலிலிருந்தே தொடங்கிய நோய்க்குக் கனடாவின் வோக்கற்றன் நகரம் துயரமான சான்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்நகரத்துக் குடிநீரில் தீய பற்றீரியாக்கள் கலந்தன. எழுவர் இறந்தனர், 2,300 பேர்வரை நோயுற்றனர். சில ஆண்டுகளின் பின் வினவியபோது, அவ்வேளை கடுங்கழிச்சலுற்றோர் என வைத்தியரீதியாகக் கருதப்பட்டவர்களுள் நூற்றுக்கு 36 பேருக்கு எரிச்சற்குடல் நோய் காணப்பட்டது. நோயுறாதோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கே காணப்பட்டது. நீரிலிருந்த கிருமி எவருடைய மனப்பிரமையுமன்று. பிறப்புரிமையின் பங்கும் ஆராயப்பட்டுள்ளது. இந்நோயுடைய 53,400 பேரின் பரம்பரை அலகுகளை நோக்கிய 2021ஆம் ஆண்டு ஆய்வு, ஆறு இடங்களில் வேற்றுமை கண்டது. அவற்றுட் பல கவலை நோயோடும் மனச்சோர்வோடும் தொடர்புள்ளவை. ஆனாற் பரம்பரையின் பங்கு சிறிதே.

குடலிற் புண் இல்லையென்பதை உறுதி செய்தல் வைத்தியரின் முதற் கடன். மலத்திற் குருதி, காரணமின்றி உடல் மெலிதல், உறக்கத்தைக் கலைக்கும் கழிச்சல், ஐம்பது வயதின் பின் புதிதாகத் தோன்றும் மாற்றம் ஆகியன காணப்படின், எரிச்சற்குடல் என்று எண்ணிக் காலந் தாழ்த்தலாகாது. அவை இல்லாதவிடத்து உணவு மாற்றம், குடலை நெகிழ்த்தும் மருந்து முதலியன முதலிற் கையாளப்படும். இவற்றாற் குணங்காணாதோர்க்கு மூளையின் வழியாகவும் வைத்தியஞ் செய்யலாம் என்பதே முற்கூறிய ஆராய்ச்சிகளோடு இயைந்த செய்தி. மனச்சோர்வுக்குத் தருவதினும் மிகக் குறைந்த அளவில் அமித்திரித்திலின் என்னும் மருந்தை உட்கொண்டோர், வெற்று மாத்திரை உட்கொண்டோரினும் நலமடைந்தமையை இங்கிலாந்தில் 463 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2023இற் காட்டியது. மருந்தை வைத்தியரின் மேற்பார்வையிலேயே உட்கொள்ளல் வேண்டும். குடலை நோக்கிய அறிதுயில் முறையின் பயனை மான்செஸ்ரர் நகரத்து வோவெல் என்னும் வைத்தியர் 1984இலேயே எடுத்துக்காட்டினார்.

எண்ணும் முறையையும் வலியை எதிர்கொள்ளும் முறையையும் பயிற்றுவிக்கும் உளவைத்தியத்தைப் பற்றி 2021இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதிற் பங்குகொண்ட நோயாளர் 84 பேர். அவர்களுக்கு அளிக்கப்பட்டது பேச்சும் பயிற்சியுமே. குணமடைந்தோரின் மூளைப் பகுதிகளிடையே இருந்த தொடர்புகள் மாறியிருந்தன. அவர்தம் குடலில் வாழும் பற்றீரியாக்களின் தொகுதியும் மாறியிருந்தது.